லைனரைக் கழற்றச் சொன்னது யார்?

ரகு சார் பொய் சொல்கிறார்.

போன மாதம் ஒரு கேட்டரிங் காலேஜில், ஹவுஸ்கீப்பிங் படிக்கிற பிள்ளைகள் முன்னால் மைக் பிடித்துக்கொண்டு சொன்னார். தான் மேனேஜராக இருந்த ஹோட்டலில் சாவித்திரி என்று ஒரு ரூம் அட்டெண்டென்ட் இருந்தாளாம். பாத்ரூம் தரையில் பழைய துண்டைப் போட்டுவிட்டுப் போனாளாம். வயதான கெஸ்ட் அம்மா ஒருவர் அது தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாம். ஒருத்தியின் அலட்சியம் ஒரு ஹோட்டலின் பெயரையே கெடுக்கும் என்று முடித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். யாரோ அதை வீடியோ எடுத்திருக்கிறார்கள். என் ஃப்ளோரில் முன்பு வேலை பார்த்த பெண் எனக்கு அனுப்பினாள். இன்று பெங்களூரில் ஹோட்டல் வேலை செய்கிற பாதிப் பேரின் போனில் அது இருக்கிறது.

இந்த இதழை நடத்துகிறவர்கள், ரிட்டையர் ஆன ஹோட்டல் தொழிலாளி என்ற முறையில் என் அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். இனிமையான நினைவுகளாக இருந்தால் நல்லது என்றார்கள். என்னிடம் இருப்பது இதுதான். அந்த ஹோட்டலில் நான் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தேன். அந்த ரூம் என் ஃப்ளோரில் இருந்தது. அந்த அம்மா விழுந்தது துண்டு தடுக்கி இல்லை. அந்த பாத்ரூமில் லைனர் இல்லை. அதனால் விழுந்தார். லைனரைக் கழற்றச் சொன்னவர் ரகு சார்.

லைனர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குளியல் தொட்டி உள்ள பாத்ரூமில் ஒரு கம்பி, கம்பியில் வளையங்கள், வளையங்களில் கர்ட்டன். பார்க்க அழகாக இருக்கிற துணிக் கர்ட்டன் தொட்டிக்கு வெளியே தொங்கும். அதே வளையங்களில் உள்பக்கமாக இன்னொரு திரை மாட்டியிருக்கும். பிளாஸ்டிக்கோ, தண்ணீர் இறங்காத நைலான் துணியோ. அதுதான் லைனர். அதன் கீழ்ப்பகுதி தொட்டிக்குள் ஒரு சாண் இறங்கி நிற்க வேண்டும். ஷவர் தண்ணீர் லைனரில் பட்டு வழிந்து தொட்டிக்குள்ளேயே விழும். வெளியே தொங்கும் துணி நனையவே கூடாது. அது அலங்காரத்துக்கு மட்டும். வேலை செய்வது லைனர். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

எங்கள் வீடு விவேக் நகர். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு முடிந்தது. சர்ச்சில் பழக்கமான ஒருவர் சொல்லி இந்த வேலைக்கு வந்தேன். முதலில் லாண்டரி, பிறகு ரூம், பிறகு சூப்பர்வைசர். அதில் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, பழகிவிட்டது.

சொல்ல வேண்டியது பெரைரா மேடத்தைப் பற்றி. எங்கள் ஹவுஸ்கீப்பிங் தலைவி. ரிச்மண்ட் டவுன் பக்கத்து ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. குதிகால் செருப்புச் சத்தம் லிஃப்ட்டுக்கு வெளியே கேட்டாலே தாழ்வாரத்தில் எல்லோரும் நிமிர்ந்து நிற்போம். திட்டும்போது குரலை உயர்த்த மாட்டார். தாழ்த்துவார். அது இன்னும் மோசம். ஆண் பெண் எல்லோரும் அவருக்கு 'மேன்'தான்.

ரூம் தயார் என்று நாங்கள் சொன்னால் நேராக பாத்ரூமுக்குத்தான் போவார். கட்டில் விரிப்பை யார் வேண்டுமானாலும் இழுத்து விடலாம், பாத்ரூம் பொய் சொல்லாது என்பார். தொட்டிக்கு வெளியே தரையில் ஒரு தினத்தாளை விரிப்பார். லைனரைத் தொட்டிக்குள் விட்டு இழுத்து மூடுவார். ஷவரைத் திறந்து, தண்ணீர் நேராகத் திரைமேல் படும்படி திருப்பி வைப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பேச மாட்டார். நாமும் பேசக்கூடாது. ஷவரை மூடியதும் குனிந்து தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் அந்த ரூம் தயார் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் லைனரையும் துணியையும் சேர்த்து வெளியே தொங்கவிட்டிருந்தேன். அப்படித்தான் அழகாக இருந்தது. தாள் கூழாகிவிட்டது. மேடம் அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"இன்னா மேன் இது, குளிக்கிற ரூமா, மீன் மார்க்கெட்டா?"

"சாரி மேடம்."

"சாரி எனக்கு எதுக்கு? வழுக்கி வுழறவன்கிட்ட போய்ச் சொல்லு."

அவரிடம் கற்றது எல்லாம் இன்றும் கையில் இருக்கிறது. லைனரின் அடியோரத்தில் சின்னச் சின்ன எடைகள் தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெந்நீர் ஆவிக்கு அது உள்ளே உப்பிவந்து குளிக்கிறவர் காலில் ஒட்டிக்கொள்ளும். கெஸ்ட் எரிச்சலாகித் தூக்கி வெளியே போடுவார். அப்புறம் தண்ணீர் தரையில்தான். குளித்து முடித்தபின் திரையை ஓரமாகத் தள்ளி ஒதுக்கக்கூடாது. மடிப்புக்குள் ஈரம் நின்றால் கறுப்புப் பூஞ்சை வரும், அடியில் ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஒன்று படியும். முழுக்க விரித்துவிட்டால்தான் காயும். துவைக்கும்போது லைனரைத் தனியாக, பழைய துண்டுகளோடு சேர்த்து மெஷினில் போட வேண்டும். துண்டு உரசி சோப்புக் கறையை எடுத்துவிடும். டிரையரில் போடக்கூடாது, சுருங்கி அப்பளம் ஆகிவிடும். துணிக் கர்ட்டன் வேறு துவையல். இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இது ரகு சாருக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் முதன்முதலில் எங்கள் ஹோட்டலுக்கு வந்தது டிரெய்னியாக. டை கட்டிக்கொண்டு பெரைரா மேடம் பின்னாலேயே ரூம் ரூமாகச் சுற்றினார். தரையில் தாளை விரித்தது பல நாள் அவர்தான். ஒரு நாள் மேடம் அவரையே துணிகளோடு தொட்டிக்குள் நிற்க வைத்து ஷவரைத் திறந்துவிட்டார். வெளியே வந்தபோது கோழிக்குஞ்சு மாதிரி இருந்தார். "இப்ப தெரிஞ்சிதா மேன், லைனர் கால்ல ஒட்டுனா எப்படி இருக்கும்னு?" என்று மேடம் கேட்டார். ரகு சாரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். நல்ல பையனாகத்தான் இருந்தார். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். தெரியாதவன் செய்தால் தவறு. தெரிந்தவன் செய்தால் அதற்கு வேறு பெயர்.

மேடம் ரிட்டையர் ஆகி மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். ரகு சார் வேறு ஊர்களில் வேலை பார்த்துவிட்டு எங்களுக்கே மேனேஜராகத் திரும்பி வந்தார். வந்ததும் பழைய கட்டடத்து ரூம்களைப் புதுப்பித்தார்கள். பாத்ரூமுக்குப் புதுக் கர்ட்டன் வந்தது. கனமான துணி. மயில் கழுத்து நிறம், தங்கக் கலர் பார்டர், தரையைத் தொடுகிற நீளம். கல்யாண மண்டப வாசலில் தொங்கவிடலாம், அவ்வளவு ஜோர். அதற்குப் பின்னால் நாங்கள் வழக்கம்போல் லைனரை மாட்டினோம்.

வெப்சைட்டுக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். பாத்ரூம் ஜன்னல் வெளிச்சத்தில், துணிக்குப் பின்னால் லைனர் வெள்ளையாக, பால் பாக்கெட் மாதிரித் தெரிந்தது. ரகு சார் பார்த்துவிட்டு, எல்லா ரூமிலும் கழற்றச் சொன்னார். படத்துக்காகத்தானே என்று கழற்றினோம். படம் எடுத்து முடிந்தது. திரும்ப மாட்டட்டுமா என்று நான் போய்க் கேட்டேன். வேண்டாம் என்றார். துணிக்கே தண்ணீர் இறங்காத கோட்டிங் இருக்கிறதாம், விற்றவன் சொன்னானாம். கெஸ்ட் படத்தில் பார்த்ததும் நேரில் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமாம்.

அந்தக் கோட்டிங் எங்கள் லாண்டரியின் வெந்நீரில் சில துவையலுக்கு மேல் தாங்கவில்லை. பிறகு அது வெறும் துணி. தொட்டிக்கு வெளியே விட்டால் தண்ணீரைக் குடித்துத் தரையில் இறக்கியது. உள்ளே விட்டால் சாயம் இறங்கித் தொட்டியில் பச்சைக் கோடு. நனைந்து காயாத துணியிலிருந்து ஈர நாய் வாடை. மூன்று முறை சொன்னேன். கடைசி முறை அந்த ஈரத் துணியையே வாளியில் போட்டு அவர் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"ரெஜினா, டிசைன் முடிவு நான் எடுக்கறேன். நீங்க தரைய காய வெச்சா போதும்" என்றார்.

தரையைக் காய வைத்தோம். எப்படி என்றால், லாண்டரியில் கழித்துப் போட்ட பெரிய துண்டுகளை நீளமாகச் சுருட்டி, தொட்டியின் காலடியில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வைத்தோம். வழியும் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். அதற்கு எங்களுக்குள் பெயர் அணை. இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். மேனேஜர் ரவுண்டு வரும்போது எடுத்துவிட்டு, அவர் போனதும் திரும்ப வைப்போம். அசிங்கமாக இருந்தது. வேறு வழி இல்லை.

சாவித்திரி அல்சூர்க்காரி. என்னை விட வயதில் சின்னவள். வாயாடி. தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து, மைசூர்ப் பக்கத்துக் காவிரி அணையின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பாள்.

"கே.ஆர்.எஸ். கட்டிட்டேங்கா. ஒரு சொட்டு கீழ போவாது."

கன்னடக்காரப் பெண்கள், தமிழ்க்காரிதானே நீ, தமிழ்நாட்டுக்கு ராத்திரியே திறந்து விட்டுவிடுவாய் என்று பதில் கொடுப்பார்கள். சிரித்துக்கொண்டேதான் செய்தோம். ஆனால் வேலையில் அவள் கெட்டி. அவள் செய்த ரூமைத் திரும்பப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

வேலூரிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு வந்து தங்கியது. அம்மாவும் மகளும் ஒரே ரூம். அம்மா ரிட்டையர் ஆன தலைமையாசிரியை. காலையில் மகள் முதலில் குளித்தாள். தண்ணீர் முழுவதையும் அணை குடித்தது. அடுத்து அம்மா குளித்தார். ஏற்கெனவே நனைந்து தொப்பலாக இருக்கிற துணி இன்னும் எவ்வளவு குடிக்கும்? மீதித் தண்ணீர் அதைத் தாண்டி ஓடியது. அந்தப் பழைய கட்டடத்தில் பாத்ரூம் தரை வாஷ் பேசின் பக்கம் சரிந்திருக்கும். தண்ணீர் அங்கே போய் நின்றது. அம்மா அங்கேதான் விழுந்தார். சாவித்திரி அப்போது அந்த ரூமில் இல்லை. முந்தின நாள் சுத்தம் செய்தவள், அன்றைக்கு இன்னும் அங்கே போகவே இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். மாலையில் சாவித்திரியும் வந்து கதவோரம் நின்றாள். அந்த அம்மா அவளை உள்ளே கூப்பிட்டார்.

"நீ ஏம்மா அழுவுற? அந்தத் துணிய நான் தாண்டி வந்துட்டேன். வாஷ் பேசின்கிட்ட பல்செட்ட எடுக்கப் போனேன், அங்க தண்ணி. ஒண்ணு மட்டும் சொல்லு. குளிக்கிற எடத்துல பட்டுப்பொடவைய எதுக்குத் தொங்கவுட்டு வெச்சிருக்கீங்க?"

சாவித்திரிக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் ஹோட்டலில் விசாரணை தயாராகிவிட்டது. ரகு சார், எச்.ஆர். அம்மா, நான், சாவித்திரி. தரையில் துண்டு இருந்ததா என்று சாவித்திரியிடம் கேட்டார்கள். இருந்தது என்றாள். வேறென்ன சொல்வாள், இருந்தது. நான் குறுக்கே பேசினேன். துண்டு வைக்கச் சொன்னது நான், லைனர் இல்லாததால் வைத்தோம், கழற்றச் சொன்னது நீங்கள், அந்த அம்மா விழுந்த இடமே வேறு, போய்க் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

ரகு சார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இங்க கேக்கறது தரையில துண்டு இருந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் ரெஜினா. வேற எதுவும் கேக்கல."

அந்தக் கூட்டம் அதோடு முடிந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டு சாவித்திரியை மட்டும் உட்கார வைத்தார்கள். கெஸ்ட்டின் குடும்பம் போலீசுக்குப் போகிறது, நீயே வேலையை விட்டுப் போய்விட்டால் ஹோட்டல் பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் உன் பாடு என்று சொன்னார்களாம். அவள் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் அன்றே அந்த மகளிடம் கேட்டேன். போலீசா, நாங்கள் ஏன் போகப் போகிறோம், ஹோட்டலிலிருந்து யாராவது வந்து மன்னிப்புக் கேட்பார்கள் என்று இருந்தோம், நீங்கள் ரெண்டு பேர்தான் வந்தீர்கள் என்றாள். கம்பெனியின் பெரிய ஆபீசிலிருந்து ஒருவர் வந்தபோது அவரிடமும் சொன்னேன். அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றார்.

முடிந்துவிட்டது என்றால், அடுத்த வாரமே எல்லா ரூமுக்கும் புது லைனர் எதற்கு வந்தது? நல்ல கனமான லைனர், அடியில் எடை வைத்துத் தைத்தது. யாரும் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நானும் என் ஃப்ளோர் பெண்களும் ஒரே பகலில் மாட்டினோம். மாட்டிய பிறகு ஒரு ரூமில்கூட அணை கட்ட வேண்டியிருக்கவில்லை. துண்டுதான் குற்றவாளி என்றால் துண்டைத் தடை செய்திருந்தால் போதுமே.

நான் அங்கேயே ரிட்டையர் ஆனேன். ரகு சார் மேலே மேலே போனார். சாவித்திரி ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் பழைய ஹோட்டலுக்கு போன் போட்டு விசாரிப்பார்கள். அத்தோடு சரி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் தரை துடைக்கிற வேலை கிடைத்தது. அல்சூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் வருகிறாள். முட்டி தேய்ந்துவிட்டது.

இந்த வருடம்தான் அவளுக்கு ஒரு வழி திறந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை. இன்டர்வியூ முடிந்தது, யூனிஃபார்ம் அளவுகூட எடுத்துவிட்டார்கள். அப்போது இந்த வீடியோ வந்தது. அந்த ஆபீசில் அவளைக் கூப்பிட்டு, இதில் சொல்கிற சாவித்திரி நீதானா என்று கேட்டிருக்கிறார்கள்.

நேராக என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"நான் இன்னாக்கா சொல்றது? ஆமான்னு சொன்னா நான்தான் அந்தம்மாவத் தள்ளுனேன்னு ஆவுது. இல்லன்னு சொன்னா என் பேரையே இல்லன்னு சொன்ன மாதிரி ஆவுது."

"இன்னா சொன்ன?"

"நான்தான் சாவித்திரி, அவர் சொல்றது நடக்கலன்னு சொன்னேன். அப்ப அவரையே சொல்லச் சொல்லுன்னாங்க. வேலைய வேற யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்காங்களாம். எத்தினி நாளைக்குன்னு தெரியல."

அந்த ஆபீஸ்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது நியாயம். சொல்ல வேண்டியவர் ரகு சார்தான்.

அதனால் கேட்கிறேன் சார். அந்த லைனரைக் கழற்றச் சொன்னது யார்? எனக்கு போன் செய்து சமாதானம் பேச வேண்டாம். சாவித்திரி வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். வீடியோவை அழித்துவிட்டேன் என்று சொல்வதும் பதில் இல்லை. அவள் பெயரை நீங்கள் சபையில் சொன்னீர்கள், பதிலையும் சபையில் சொல்லுங்கள். நான் எழுதியதில் ஒரு வரி தவறு என்றாலும் இதே இதழில் என் பெயரைப் போட்டு மறுத்து எழுதுங்கள், நான் வந்து நிற்கிறேன். தவறு இல்லை என்றால் அந்த காலேஜுக்குத் திரும்பப் போங்கள். அந்தப் பிள்ளைகள் படிப்பு முடித்து வேலைக்குப் போவதற்குள் போங்கள். மைக்கை வாங்கி, கழற்றச் சொன்னவர் பெயரைச் சொல்லுங்கள்.